மடித்தால் பொருந்துமா? நிகழ்தகவுப் பரவல்களில் சமச்சீர்

மார்கழி மாதம் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் நடந்தால் வாசலுக்கு வாசல் கோலம். அதில் ஆக எளிய ஒன்று: 4 புள்ளி, இடுக்குப் புள்ளி, 1 வரை. நடு வரிசையில் நான்கு புள்ளி. அதன் மேலும் கீழும் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மேலிருந்து கீழே எண்ணினால் 1, 2, 3, 4, 3, 2, 1. மொத்தம் 16 புள்ளி.

கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து தாயக்கட்டையை எடுங்கள். நீளமான நான்கு பக்கக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். வெறுமையை 0 என்று கொள்வோம். இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 0 வர ஒரே வழிதான்: இரண்டும் வெறுமை. 1 வர இரண்டு வழி. 2 வர மூன்று. 3 வர நான்கு வழி: 0+3, 1+2, 2+1, 3+0. அதன் பிறகு இறங்குமுகம்: 4 வர மூன்று, 5 வர இரண்டு, 6 வர ஒன்று. 1, 2, 3, 4, 3, 2, 1. வாசலில் பார்த்த அதே கோலம்தான், ஒரு புள்ளிக்குக் கட்டை விழும் ஒரு விதம்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் வரைந்து 3 என்ற இடத்தில் மடித்தால் இரு பாதியும் அச்சாகப் பொருந்தும். இதைத்தான் சமச்சீர் பரவல் என்கிறோம்.

ஏன் பொருந்துகிறது என்பதையும் பார்த்துவிடலாம். பலரும் படத்தைக் காட்டிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு கட்டைகளிலும் பக்கங்களின் பெயரை மாற்றுங்கள்: 0 இருந்த இடத்தில் 3, 3 இருந்த இடத்தில் 0, 1 இருந்த இடத்தில் 2, 2 இருந்த இடத்தில் 1. கட்டைக்கு இது தெரியாது. முன்பு போலவே உருளும். ஆனால் கூட்டுத்தொகை 1 வந்த இடத்தில் இப்போது 5 வரும், 0 வந்த இடத்தில் 6 வரும். பெயர் மாற்றியதால் வாய்ப்பு மாறவில்லை என்றால், 1 வரும் வாய்ப்பும் 5 வரும் வாய்ப்பும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். எந்தப் பரவலிலும் சமச்சீர் என்றால் இதுதான் பொருள்: நடுவிலிருந்து இடப்பக்கம் இவ்வளவு தூரம் போவதற்கும் வலப்பக்கம் அதே தூரம் போவதற்கும் வாய்ப்பு ஒன்றே. (நான்கு பக்கமும் சமமாக விழும் கட்டை என்பது நிபந்தனை. தலைமுறை தலைமுறையாக உருண்டு ஒரு பக்கம் தேய்ந்த பித்தளைக் கட்டைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.)

சரி, ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதற்கு 0 என்று யாரும் சொல்வதில்லை; 12 என்று எண்ணுகிறோம். இந்த ஒரு விதி கோலத்தின் உச்சிப் புள்ளியைப் பிடுங்கி, எங்கோ தள்ளி 12-இல் கொண்டுபோய் வைக்கிறது. சமச்சீர் போயிற்று. விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். விதி இல்லாதபோது சராசரி 3. விதி வந்தபின் 60-ஐ 16-ஆல் வகுத்து 3.75. ஆனால் பதினாறு விளைவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது இடைநிலை, அப்போதும் 3, இப்போதும் 3. அடிக்கடி விழும் மதிப்பான முகடும் 3-தான். பதினாறில் ஒரே ஒரு புள்ளி இடம் மாறியதற்கே சராசரி முக்கால் அளவு நகர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அசையவில்லை. சமச்சீர் உள்ள வரைக்கும், சராசரி என்று ஒன்று இருந்தால், அதுவும் இடைநிலையும் ஒரே இடத்தில் நிற்கும். அது உடைந்தால் நீண்ட வால் இருக்கும் பக்கமாகச் சராசரி பெரும்பாலும் இழுபட்டுப் போகும்.

இயல்நிலைப் பரவலில் சமச்சீர் எங்கே ஒளிந்திருக்கிறது

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் மணி வடிவ வளைவு எல்லோருக்கும் தெரியும். 1733-இல் டி மோவர் நாணயச் சுண்டல் கணக்கிலிருந்து இதை எட்டினார். 1809-இல் காஸ் வானியல் அளவீடுகளில் வரும் பிழைகளுக்கு இதைப் பயன்படுத்தினார். சூத்திரம் பயமுறுத்தும். ஆனால் வேலை இவ்வளவுதான்: மதிப்பிலிருந்து சராசரியைக் கழி, திட்டவிலக்கத்தால் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகு, வர்க்கப்படுத்து, பாதியாக்கு, மைனஸ் குறி போட்டு ஈ என்ற எண்ணின் அடுக்காக ஏற்று. முன்னால் நிற்கும் பெருக்கெண் வளைவுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பை 1 ஆக்குவதற்கு மட்டுமே; அந்தப் பரப்புதான் நிகழ்தகவு.

சமச்சீர் முழுக்க அந்த மூன்றாம் படியில் இருக்கிறது. சராசரியைவிட 2 குறைந்தால் மைனஸ் 2, 2 கூடினால் பிளஸ் 2. வர்க்கப்படுத்தினால் இரண்டும் 4. குறி அங்கேயே அழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் என்பது சூத்திரத்துக்கு ஞாபகமே இல்லை. உச்சியின் உயரம் 1 என்றால், ஒரு திட்டவிலக்கம் தள்ளி இடப்பக்கமும் 0.607, வலப்பக்கமும் 0.607.

இதனால் நமக்கு நடைமுறை லாபம் ஒன்று: அட்டவணையில் பாதிதான் அச்சிட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்கும் அட்டவணை 0-விலிருந்து இசட் வரையிலான பரப்பைத் தரும்; இசட் என்பது சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்ற எண். இசட் 1 என்றால் 0.3413, 2 என்றால் 0.4772. மைனஸ் இசட்டுக்குத் தனி வரிசை கிடையாது, தேவையும் இல்லை.

ஒரு கணக்கு. அரிசி மூட்டை நிரப்பும் இயந்திரம் ஒன்று சராசரி 25.10 கிலோ, திட்டவிலக்கம் 0.05 கிலோ என்று இயல்நிலைப் பரவலில் நிரப்புகிறது என்று வைப்போம். 25 கிலோவுக்குக் குறைந்து வரும் மூட்டைகள் எத்தனை? இசட் = (25 − 25.10) ÷ 0.05 = −2. மைனஸ் 2-க்குக் கீழே உள்ள பரப்பும் பிளஸ் 2-க்கு மேலே உள்ள பரப்பும் ஒன்றே. பாதிப் பரப்பு 0.5, அதில் 0.4772 போக மீதி 0.0228. ஆயிரம் மூட்டைக்கு ஏறக்குறைய 23.

25.05-க்கும் 25.20-க்கும் இடையில்? இசட் −1 முதல் +2 வரை. நடுக்கோட்டின் இரு பக்கமும் பரவியிருப்பதால் கூட்ட வேண்டும்: 0.3413 + 0.4772 = 0.8185. மைனஸ் குறியைப் பார்த்த வேகத்தில் கழித்து 0.1359 என்று எழுதுவதுதான் தேர்வுத்தாள்களில் வாடிக்கையாக நடக்கும் தப்பு. அது +1 முதல் +2 வரையிலான பரப்பு. ஒரு சின்ன மணியை வரைந்து நிழலடித்துவிட்டுக் கணக்குப் போட்டால் இந்தத் தப்பு வராது.

அடுத்த பொறி அட்டவணை வகை. சில புத்தகங்களில் இடக்கோடியிலிருந்து இசட் வரையிலான மொத்தப் பரப்பு இருக்கும், எக்செல்லும் அப்படித்தான் தரும். இன்னும் சிலவற்றில் வலப்பக்க வால் மட்டும். எது கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இசட் 0-க்கு நேராகப் பாருங்கள். 0.0000 என்றிருந்தால் நடுவிலிருந்து அளக்கும் அட்டவணை. 0.5000 என்று தொடங்கி ஏறினால் இடக்கோடியிலிருந்து, இறங்கினால் வலப்பக்க வால். இதைப் பார்க்காமல் இடக்கோடி அட்டவணையில் கிடைத்த 0.9772-உடன் இன்னொரு 0.5-ஐக் கூட்டி, 1-ஐத் தாண்டிய நிகழ்தகவை விடையாக எழுதியவர்கள் உண்டு.

தலைகீழ்க் கணக்கில் குறி இன்னும் ஆபத்தானது. நூறில் ஒரு மூட்டை மட்டுமே 25-க்குக் கீழே போகலாம் என்றால் சராசரியை எங்கே வைக்க வேண்டும்? வாலில் 0.01, ஆகவே நடுவிலிருந்து 0.49; அட்டவணையில் அதற்கு நேரான இசட் ஏறக்குறைய 2.33. நமக்கு வேண்டியது இடப்பக்க வால், எனவே மைனஸ் 2.33. சராசரி = 25 + 2.33 × 0.05, அதாவது சுமார் 25.12 கிலோ. மைனஸை மறந்தால் 24.88 வரும். அந்த அமைப்பில் நூறில் 99 மூட்டை எடை குறைவாக வெளியே போகும். அட்டவணை இரு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கும். எடைக்கல் அப்படிப் பார்க்காது.

95 சதவீதம் என்று பேச்சு வரும்போதும் இதே கவனம் வேண்டும். நடுவில் 95 விட்டால் இரு வால்களுக்கும் 2.5, 2.5 என்று பங்கு போகும், எல்லை 1.96. ஐந்தையும் ஒரே வாலில் வைத்தால் எல்லை 1.645.

சமச்சீர் என்றால் மணி என்று பொருளல்ல

இயல்நிலைப் பரவல் சமச்சீரானது. சமச்சீரானதெல்லாம் இயல்நிலை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் தலைப்பில் ஆகப் பெரிய தொல்லை.

சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ ரயில் வருகிறது, நீங்கள் நேரம் பார்க்காமல் நடைமேடைக்குப் போகிறீர்கள் என்று வைப்போம். காத்திருப்பு 0 முதல் 10 நிமிடம் வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. செவ்வக வடிவம், 5-இல் மடித்தால் பொருந்தும், மணியே கிடையாது. இன்னொன்று: அலுவலகப் பகுதி நிலையம் ஒன்றில் காலை 9 மணியைச் சுற்றி ஒரு கூட்டம், மாலை 6 மணியைச் சுற்றி அதே அளவு கூட்டம். இதுவும் சமச்சீர். சராசரி நேரம் பகல் 1.30, இடைநிலையும் 1.30. அந்த நேரத்தில் போய்ப் பார்த்தால் நிலையம் காலி. சராசரியும் இடைநிலையும் ஒன்றாக இருப்பதால் அங்கேதான் ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒற்றை முகடும் வேண்டும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு விசித்திரமானது. மெரினா கலங்கரை விளக்கத்துக்கு எதிரே 100 மீட்டர் தூரத்தில் இரு பக்கமும் முடிவில்லாமல் நீளும் நேரான சுவர் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். விளக்கு சுவரை நோக்கிய ஏதோ ஒரு திசையில், குருட்டாம்போக்கில், ஒரு கணம் மின்னுகிறது. ஒளி சுவரில் எங்கே படும்? விளக்குக்கு நேர் எதிர்ப் புள்ளிதான் நடு. இரு பக்கமும் அச்சாக ஒன்றே. பாதி மின்னல்கள் அந்த நடுவிலிருந்து 100 மீட்டருக்குள் விழும். ஆனால் நூறில் ஆறு மின்னல்கள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். பாதி மதிப்புகளை அதே 100 மீட்டருக்குள் வைத்த இயல்நிலைப் பரவலில் அவ்வளவு தூரம் போவது ஆயிரம் கோடிக்கு ஒன்றுகூடத் தேறாது. இதற்குக் கோஷி பரவல் என்று பெயர். சமச்சீர் கச்சிதமாக இருக்கிறது, இடைநிலை இருக்கிறது, ஆனால் சராசரி என்ற ஒன்றே வரையறுக்கப்படவில்லை! ஆயிரம் மின்னல்களின் சராசரியை எடுத்தாலும் அது ஒற்றை மின்னலைப் போலவேதான் அலைபாயும்.

ஸ்டூடண்ட் டி பரவல் இயல்நிலைக்கும் கோஷிக்கும் நடுவில் நிற்பது. சமச்சீர்தான், வால் மட்டும் தடிமன். வரையற்ற பாகை (மாதிரியின் அளவைப் பொறுத்த எண்) 5 என்றால் இரு பக்க 95 சதவீத எல்லை 2.571, 30 என்றால் 2.042, பாகை ஏற ஏற 1.96-ஐ நோக்கி இறங்கும். பாகை 1-இல் அது கோஷியேதான்.

ஒரே முயற்சியைப் பல முறை செய்து வெற்றிகளை எண்ணும் ஈருறுப்புப் பரவலில் வெற்றி வாய்ப்பு சரிபாதி என்றால் மட்டுமே சமச்சீர்: நாணயத்தை நான்கு முறை சுண்டினால் 1, 4, 6, 4, 1. வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் பத்து முயற்சியில் 0 வெற்றிக்கு 0.349, 1-க்கு 0.387, 2-க்கு 0.194, 3-க்கு 0.057. முகடு 1-இல், இடப்பக்கம் ஒரே ஒரு படி, வலப்பக்கம் ஒன்பது படி. முயற்சிகளை நூறாக்கினால் இந்தச் சாய்வு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். சிறு எண்ணிக்கைக்கு இயல்நிலைத் தோராயம் போடாதே என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

பூஜ்ஜியம் என்ற சுவர்

நிஜத் தரவு பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாயும், அதற்குக் காரணம் அநேகமாக ஒன்றே: பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது, மேலே போகத் தடையில்லை. மழை, வருமானம், பயண நேரம், மின் கட்டணம் எல்லாம் இந்த ரகம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வரிச் சோதனை உண்டு. மைனஸில் போக முடியாத ஓர் அளவு சமச்சீராகப் பரவியிருந்தால், அதன் எந்த மதிப்பும் சராசரியின் இரு மடங்கைத் தாண்ட முடியாது. தாண்டினால் அதன் கண்ணாடிப் பிம்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். சென்னைக்கு நவம்பரில் சராசரி மழை சுமார் 400 மி.மீ. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.-ஐத் தாண்டியது. நடுவிலிருந்து 600 மேலே. அதன் பிம்பம் நடுவிலிருந்து 600 கீழே, அதாவது மைனஸ் 200 மி.மீ. மழை. அப்படி ஒரு நவம்பர் வராது. ஆகவே சென்னையின் நவம்பர் மழைக்கு மணி வளைவைப் போர்த்தி, சராசரி கூட்டல் மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டுவது ஆயிரத்தில் சுமார் 1.35-தான் என்று சொன்னால், வெள்ள அபாயத்தைக் குறைத்துச் சொன்னதாக ஆகும்.

இதற்கு மருந்தாக மடக்கை எடுப்பார்கள். இரட்டிப்பதும் பாதியாவதும் சம தூரமாக மாறுவதால் பல தரவுகள் ஓரளவு நிமிரும். பூஜ்ஜியமே நிறைய உள்ள தரவுக்கு, உதாரணமாகத் தினசரி மழைக்கு, இது உதவாது. பூஜ்ஜியத்துக்கு மடக்கை இல்லை.

கையில் உள்ள தரவைச் சோதிக்க

கணினி தரும் கோட்ட அளவை (பரவல் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் எண்) 0 என்றால் சமச்சீர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேருந்துக்குப் பத்து நாள் காத்திருந்த நேரம் இப்படி என்று வைப்போம்: நான்கு நாள் 8 நிமிடம், ஐந்து நாள் 11, ஒரு நாள் 13. சராசரி 10. விலக்கங்கள் −2, +1, +3. அவற்றின் மும்மடிகளைக் கூட்டுங்கள்: −32 + 5 + 27 = 0. கோட்ட அளவை சுத்தமாக 0. ஆனால் 10-இல் மடித்தால் 8-க்கு எதிரே 12 இருக்க வேண்டும். அப்படி ஒரு நாளே இல்லை. இடைநிலையும் 11. சமச்சீர் என்றால் கோட்ட அளவை (அது வரையறுக்கப்பட்ட இடத்தில்) 0 வரும். 0 வந்தால் சமச்சீர் என்பது செல்லாது.

இதைவிட நம்பகமானது மடித்துப் பார்க்கும் பழைய வழிதான். ஒன்பது நாள் பயண நேரம், நிமிடத்தில், ஏறுவரிசையில்: 31, 34, 35, 37, 38, 41, 45, 52, 70. இடைநிலை 38. அதிலிருந்து வெளிநோக்கி இரு பக்கமும் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியின் நடுவையும் எழுதுங்கள். 37, 41-க்கு 39. 35, 45-க்கு 40. 34, 52-க்கு 43. 31, 70-க்கு 50.5. சமச்சீரான தரவில் இந்த நடுக்கள் எல்லாம் 38-ஐ ஒட்டி மேலும் கீழுமாக ஆடும். இங்கே 38, 39, 40, 43, 50.5 என்று படியேறுகின்றன. வலப்பக்க வால் நீளம். கடைசி ஜோடி மட்டும் துள்ளினால் ஒரு நாளின் விபத்து என்று விடலாம், முதல் ஜோடியிலிருந்தே ஏறினால் பரவலே சாய்ந்திருக்கிறது. ஒன்பது எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம் என்பதும் உண்மை. முப்பது நாற்பது இருந்தால் தெம்பாகச் சொல்லலாம்.

எதைச் சுற்றிச் சமச்சீர்?

இதைக் கேட்காமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாகும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே தன் மாபெரும் நில அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்றத் தூரங்களுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, அளந்தார். ஏழரை மைல் நீளம், 100 அடி எஃகுச் சங்கிலி, 400 முறை வைத்து எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கை நடுங்கி ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போகிறது என்று கொள்வோம். முன்னே போவதற்கும் பின்னே போவதற்கும் சம வாய்ப்பு என்பதால் பெரும்பகுதி தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். 400 முறைக்குத் திரளும் பிழை 400-இன் வர்க்கமூல அளவுதான், அதாவது சுமார் 20 மில்லிமீட்டர். சமச்சீர் நமக்குச் செய்யும் பெரிய உதவி இது.

வெயில் அப்படியல்ல. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த நீளச் சங்கிலி சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் தூரம் எப்போதும் குறைவாகவே தெரியும், ஒருபோதும் கூடுதலாகத் தெரியாது. 400 முறைக்கு 1.4 மீட்டர். அளவீடுகளை வரைந்து பார்த்தால் அழகான சமச்சீர் மணி வரும். அதன் நடு மட்டும் உண்மையான நீளத்தின் மேல் நிற்காது. லாம்ப்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு அளவையும் திருத்தியது அந்த 1.4 மீட்டருக்காக. 20 மில்லிமீட்டரைச் சமச்சீரே பார்த்துக்கொள்ளும்.